வீடு வாங்கி ஓராண்டாகியும் சொத்துவரி பழைய உரிமையாளர் பெயரில்: மாநகராட்சியில் யாரிடம் எதைக் கேட்பது?

கிழக்குவாசல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு ஆவணியில் ஒரு பழைய தனிவீட்டை வாங்கிக் குடியேறினோம். முன்பு பேரூராட்சியாக இருந்து, பின்னர் பக்கத்து மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட பகுதி இது. பத்திரப்பதிவு முடிந்தது, பட்டா மாறிவிட்டது, மின் இணைப்பும் என் பெயருக்கு வந்துவிட்டது. சொத்துவரி மட்டும் இன்னும் விற்றவர் பெயரிலேயே இருக்கிறது. நான்கு மாதங்களுக்கு முன் வெள்ளைத்தாளில் ஒரு மனு எழுதி, பத்திர நகலை இணைத்து, எங்கள் வார்டுக்கான அலுவலகத்தில் கொடுத்தேன். வாங்கியவர் மேசையில் இருந்த கட்டின் மேல் அதை வைத்துவிட்டு, பார்த்துச் சொல்வதாகக் கூறினார். அதன்பின் மூன்று முறை போய்வந்தேன். முதல்முறை உரியவர் வெளிவேலையாகப் போயிருந்தார்; அடுத்தமுறை கணினி இயங்கவில்லை; மூன்றாம் முறை என் மனுவையே காணவில்லை.

இதற்கிடையில் வேறு இரண்டு தொல்லைகள். எங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள தெருவிளக்கு இரண்டு மாதமாக எரியவில்லை. மின்வாரியத்தில் கேட்டால் அது தங்கள் பொறுப்பு அன்று என்கிறார்கள். தெருவில் பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை; நான்கு வீடு தள்ளி ஒருவரின் கழிவுநீர்த் தொட்டி நிரம்பி, மழைநீர் வடிகாலில் வழிந்து ஓடுகிறது. அவரிடம் நேரில் சொல்லிப் பார்த்தோம், பயனில்லை.

என் கேள்விகள் இவை. பெயர் மாறும்வரை வரியைக் கட்டாமல் நிறுத்தி வைக்கலாமா? விளக்குக்கும் சாக்கடைக்கும் யாரை அணுக வேண்டும்? பணம் கொடுத்தால் ஒரே வாரத்தில் பெயரை மாற்றித் தருவதாக ஒரு தரகர் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். அந்த வழியில் போக எனக்கு விருப்பமில்லை.

முன்னாள் பில் கலெக்டர் எழுதியது:

ஐயா, நான் வேறொரு மாவட்டத்தில் நகராட்சி வருவாய்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தரகரைத் திருப்பி அனுப்பியது நல்லது.

முதலில் வரி. தயவுசெய்து நிறுத்தி வைக்காதீர்கள். வரி கட்டடத்தின் மீது விதிக்கப்படுவது; ரசீதில் யார் பெயர் இருந்தாலும் நிலுவை அந்தக் கட்டடத்தைத்தான் துரத்தும், அதாவது இன்று உங்களை. அரையாண்டுகள் ஏப்ரல் 1, அக்டோபர் 1 ஆகிய தேதிகளில் தொடங்குகின்றன. தொடங்கிய 30 நாட்களுக்குள் கட்டினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு. அதன் உச்சவரம்பு 5,000 ரூபாய். அரையாண்டைத் தாண்டி நிலுவை விழுந்தால் மாதம் 1 விழுக்காடு தனிவட்டி சேரும். இவையெல்லாம் 2023-இல் நடைமுறைக்கு வந்த நகர்ப்புற உள்ளாட்சி விதிகளின்படி. பழைய பெயரில் ரசீது வந்தாலும் நீங்களே கட்டி, அந்த ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். சில அலுவலகங்களில் வழவழப்பான சூடுதாளில் ரசீது அடித்துக் கொடுப்பார்கள். ஆறு மாதத்தில் எழுத்து மங்கி வெறும் தாளாகிவிடும். அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.

அடுத்து, மனு. வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு ஒப்புகை வாங்காமல் வந்ததுதான் இங்கே நடந்த பிழை. எந்த மனுவானாலும் இரண்டு பிரதி எழுதுங்கள்; ஒன்றைத் தபால் பிரிவில் கொடுத்து, மற்றொன்றில் தேதியோடு முத்திரையும் வரிசை எண்ணும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த எண் இருந்தால் "மனு வரவில்லை" என்று எவராலும் சொல்ல முடியாது. இன்னும் எளிய வழி, சென்னை நீங்கலாக மற்ற மாநகராட்சிகள், நகராட்சிகள், பேரூராட்சிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக உள்ள "டிஎன் அர்பன் இ-பே" தளம். சொத்துவரி கட்டுவதும் விண்ணப்பிப்பதும் அதிலேயே முடியும். விண்ணப்ப எண் உடனே கிடைத்துவிடும். சென்னை மாநகராட்சிக்குத் தனித் தளம் இருக்கிறது.

பெயர் மாற்றத்துக்குப் பதிவு செய்த கிரையப் பத்திர நகல், வில்லங்கச் சான்று, கடைசியாக வரி கட்டிய ரசீது, உங்கள் அடையாளச் சான்று ஆகியவை வேண்டும். நிலுவை ஏதும் இருக்கக் கூடாது. பட்டா மாறிவிட்டதே, வரியும் தானாக மாறியிருக்க வேண்டாமா என்று பலர் கேட்பார்கள். பட்டா வருவாய்த்துறையின் கணக்கு, தாலுகா அலுவலகத்தோடு முடிந்துவிடுவது. வரிப்பதிவேடு உள்ளாட்சியின் கணக்கு. ஒன்றில் மாறியதைக் காட்டித்தான் இன்னொன்றில் மாற்றச் சொல்ல வேண்டும். வரி ரசீதில் பெயர் வந்துவிட்டால் அதுவே உரிமைக்குச் சான்று என்று எண்ணிவிடவும் கூடாது. உரிமைக்கு ஆதாரம் பத்திரம்தான்.

இணைக்கப்பட்ட பகுதி என்பதால் இன்னொன்றையும் கவனியுங்கள். உள்ளாட்சிகளை ஒன்றுசேர்க்கும்போது வார்டு எண், கதவு எண், வரிவிதிப்பு எண் எல்லாம் மாறிவிடும். 2021-இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாயின. அவ்வளவு பதிவேடுகளையும் ஒரே முறைக்குக் கொண்டுவருவது எவ்வளவு பெரிய வேலை என்பது அந்த மேசையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். பழைய ரசீதில் உள்ள எண்ணையும் இப்போதைய எண்ணையும் மனுவின் முதல் வரியிலேயே இரண்டுமாக எழுதுங்கள். பெயரைச் சொல்லித் தேடச் சொன்னால் நாள் போகும். எண்ணைச் சொன்னால் இரண்டு நிமிடம்.

இதையெல்லாம் சரியாகச் செய்தும் நின்றுபோனால், பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும். பத்திரத்தில் உள்ள கட்டடப் பரப்பும் வரிப்பதிவேட்டில் உள்ள பரப்பும் ஒத்துப்போகின்றனவா என்று ஒருமுறை பாருங்கள்.

மாடித்தோட்டம் எழுதியது:

வரி பற்றி ஐயா விரிவாக எழுதிவிட்டார். விளக்கையும் சாக்கடையையும் பற்றி, எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் எட்டு ஆண்டு செயலாளராக இருந்து கண்டதை எழுதுகிறேன்.

மின்வாரியத்தில் சொன்னது உண்மைதான். கம்பம் வாரியத்துடையதாக இருக்கும். அதில் மாட்டிய விளக்கும் அதன் பராமரிப்பும் உள்ளாட்சியின் பொறுப்பு. அந்த விளக்குக்கான மின்கட்டணத்தைக் கட்டுவதும் உள்ளாட்சியே. ஆகவே விளக்கு எரியாவிட்டால் மாநகராட்சியின் மின்பிரிவில் உள்ள உதவிப் பொறியாளரிடம் சொல்ல வேண்டும். கம்பம் சாய்ந்திருந்தாலோ கம்பி தொங்கினாலோ அது வாரியத்தின் வேலை. அதற்கு 2021 முதல் இயங்கும், வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணை அழைக்கலாம். எங்கே சொன்னாலும் கம்பத்தின் எண்ணைச் சேர்த்துச் சொல்லுங்கள். கம்பத்தில் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, மஞ்சளிலோ கறுப்பிலோ பெயிண்டில் எழுதியிருக்கும். சுவரொட்டி ஒட்டி மறைத்திருந்தால் கிழித்துப் பார்க்க வேண்டியதுதான். "பிள்ளையார் கோயிலுக்கு எதிரே" என்று நாங்கள் கொடுத்த புகாருக்கு, பக்கத்துத் தெருப் பிள்ளையார் கோயில் எதிரே நன்றாக எரிந்துகொண்டிருந்த விளக்கை இறக்கிப் புதிதாக மாற்றிவிட்டுப் போனார்கள். அன்று கற்றுக்கொண்டோம்.

ஒரு விளக்கு மட்டும் எரியவில்லையா, வரிசையாக எல்லாமே இருண்டுவிட்டனவா என்பதையும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். வரிசையாகப் போனால் பழுது விளக்கில் இராது. தெருமுனையில் உள்ள சுவிட்சுப் பெட்டியில் இருக்கும். ஏணி வண்டிக்குக் காத்திருக்க வேண்டியதே இல்லை.

கழிவுநீர் விஷயத்தில் செல்ல வேண்டியது பொறியாளரிடம் அன்று, சுகாதார ஆய்வாளரிடம். மழைநீர் வடிகாலில் கழிவுநீரை விடுவது குற்றம். நேரில் பார்த்து நோட்டீஸ் கொடுக்கவும் அபராதம் விதிக்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. புகாரோடு, வழிந்து ஓடும் இடத்தைத் தேதி தெரியும்படி இரண்டு மூன்று நாள் எடுத்த படங்களை இணையுங்கள். ஆய்வுக்கு வரும் அன்று மட்டும் காய்ந்து கிடப்பது வாடிக்கை. அவர் தொட்டியைச் சுத்தம் செய்ய முன்வந்தால், 14420 என்ற எண்ணை அழைத்து உரிமம் பெற்ற லாரியைக் கொண்டு செய்யச் சொல்லுங்கள். கூலிக்கு ஆளைப் பிடித்துத் தொட்டிக்குள் இறக்க எவரேனும் நினைத்தால் அங்கேயே தடுத்துவிடுங்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அந்த வாயுவில் நொடியில் உயிர் போய்விடும்.

சென்னை மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு திருத்தம்: அங்கே குடிநீரும் பாதாளச் சாக்கடையும் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு, மாநகராட்சியின் பொறுப்பு அன்று. தெருவிளக்கு, குப்பை, மழைநீர் வடிகால் ஆகியவற்றுக்கு மாநகராட்சியின் 1913 என்ற எண்ணை அழைக்கலாம்.

கிழக்குவாசல் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. கம்பத்து எண்ணோடு நேற்றுப் புகார் பதிவு செய்துவிட்டேன். ஐயா சொன்னபடி பரப்பளவைப் பார்த்தேன், திகைத்துப்போனேன். பத்திரத்தில் கீழ்த்தளமும் மாடியும் சேர்த்து 1,420 சதுர அடி, வரிப்பதிவேட்டில் 760. விற்றவர் மாடி கட்டியதை வரிவிதிப்புக்கு உட்படுத்தவே இல்லை போலிருக்கிறது. இதை நானே போய்ச் சொன்னால் வரி ஏறும். பழைய ஆண்டுகளுக்கும் சேர்த்து என்னிடம் கேட்பார்களோ என்று வீட்டில் அஞ்சுகிறார்கள். சொல்லாமல் இருந்தால் பெயர் மாறாது. என்ன செய்வது?

முன்னாள் பில் கலெக்டர் எழுதியது:

நான் ஐயப்பட்டது இதைத்தான். உங்கள் மனு காணாமல் போனதற்கும் இதுவே காரணம் என்று சொல்ல மாட்டேன்; ஆனால் நீங்கள் இணைத்த பத்திர நகலைப் பார்த்த எவருக்கும் இந்த வேறுபாடு கண்ணில் பட்டிருக்கும்.

நீங்களே சொல்லிவிடுங்கள். பெயர் மாற்ற விண்ணப்பத்தோடு, கூடுதல் கட்டடத்துக்கு வரிவிதிக்கக் கோரும் விண்ணப்பத்தையும் சேர்த்துக் கொடுங்கள். அளக்க வருவார்கள். வரும்போது வீட்டில் ஒருவர் உடன் இருந்து, நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, குறிப்பேட்டில் எழுதும் எண்ணைத் தாமும் குறித்துக்கொள்ளுங்கள். திறந்த மொட்டை மாடியும் மூடிய மாடியும் வேறு. வாடகைக்கு விட்ட பகுதியும் சொந்தக் குடியிருப்பும் வேறு. கடை என்றால் கணக்கே வேறு. எது எப்படிப் பயன்படுகிறது என்பதை அப்போதே தெளிவாகச் சொல்லிவிட்டால் பிறகு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. வரி, தெரு எந்த மண்டலத்தில் வருகிறது, பரப்பு எவ்வளவு, பயன்பாடு என்ன என்பவற்றை வைத்துக் கணக்கிடப்படும். விதித்த வரி கூடுதலாகத் தோன்றினால், அறிவிப்பு வந்தபின் உரிய காலத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

பழைய ஆண்டுகளுக்கும் சேர்த்து விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு, மறைக்கவில்லை. அப்படி வந்தால், விற்ற தேதிக்கு முந்தைய வரிகளுக்குத் தாமே பொறுப்பு என்று விற்றவர் உறுதி கொடுத்த வாசகம் உங்கள் கிரையப் பத்திரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான பத்திரங்களில் அது இருக்கும். மாநகராட்சி உங்களிடம்தான் கேட்கும். நீங்கள் அவரிடம் கேட்கலாம். சொல்லாமல் விட்டால் இந்த நிலுவை வளர்ந்துகொண்டே போகும். வங்கிக் கடனுக்கோ விற்பனைக்கோ போகும் நாளில்தான் வெளியே வரும்.

மனுதாரர் எழுதியது:

எல்லாரும் பொறுமையாக எழுதுகிறீர்கள். நான் சற்று வேறுபடுகிறேன். நான்கு மாதம் காத்திருந்தவர் மீண்டும் முதலில் இருந்து தொடங்குவானேன்? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனுப் போடுங்கள். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. காணாமல் போன மனு தானாகக் கிடைத்துவிடும். கேட்கும்போது "ஏன் தாமதம்" என்று கேட்காதீர்கள். அதற்கு விளக்கம் தரத் தேவையில்லை என்று எழுதி அனுப்புவார்கள். உங்கள் பகுதிக்குரிய பெயர் மாற்றப் பதிவேட்டின் குறிப்பிட்ட மாதத்துப் பக்கங்களின் நகலைக் கேளுங்கள்.

தெருச் சாக்கடைக்கு இன்னொரு வழியும் உண்டு. கிராமங்களில் கிராமசபை இருப்பதுபோல நகரங்களில் பகுதிசபை இருக்கிறது. முதல் கூட்டங்கள் 2022 நவம்பர் 1-ஆம் தேதி நடந்தன. வார்டு உறுப்பினர் தலைமையில் நடக்கும் அந்தக் கூட்டத்துக்குத் தெருவில் இருந்து பத்துப் பேராகப் போய், பாதாளச் சாக்கடை வேண்டும் என்பதைத் தீர்மானமாக எழுத வையுங்கள். ஒருவர் போய்ச் சொன்னால் குறை. பத்துப் பேர் கையெழுத்திட்டால் கோப்பு.

முன்னாள் பில் கலெக்டர் எழுதியது:

பகுதிசபை பற்றி மனுதாரர் சொன்னதை ஏற்கிறேன். தகவல் உரிமை மனுவை மட்டும் இப்போது வேண்டாம் என்பேன். ஒப்புகை எண் இல்லாத மனுவைப் பற்றிக் கேட்டால், "அத்தகைய மனு ஏதும் பெறப்படவில்லை" என்ற ஒரே வரி பதிலாக வரும். அதற்கும் முப்பது நாள் போகும். இணையத்தில் புதிதாக விண்ணப்பித்து, எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, அளவும் முடிந்து, அப்படியும் நகராவிட்டால் அப்போது அந்த எண்ணைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். பதில் சொல்லியே ஆக வேண்டும்.

கிழக்குவாசல் எழுதியது:

இன்று காலை இரண்டு விண்ணப்பங்களையும் இணையத்தில் பதிவு செய்து எண் வாங்கிவிட்டேன். பத்திரத்தின் ஏழாம் பக்கத்தில் ஐயா சொன்ன வாசகம் இருக்கிறது. விளக்கு இன்னும் எரியவில்லை. ஆனால் நேற்று மாலை ஒருவர் சைக்கிளில் வந்து கம்பத்து எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு போனார்.