மகனின் பிடரியில் போகாத கறுப்பு: அழுக்கா, வேறு ஏதாவதா?

கேள்வி (ஒரு தாய்):

என் மகனுக்கு 13 வயது. ஒன்றரை ஆண்டாகப் பிடரியில் ஒரு கறுப்புப் பட்டை. அழுக்கு என்றுதான் நினைத்தேன். தினமும் காலையில் குளியலறை வாசலில் நின்று "கழுத்தைத் தேய்த்தாயா?" என்று கேட்பதே என் வேலையாகிவிட்டது. தேய்த்தேன் என்பான். வெளியே வந்தால் கறுப்பு அப்படியே இருக்கும். பொய் சொல்கிறான் என்று திட்டியிருக்கிறேன். போன வாரம் பொறுமை போய், நாரை நானே வாங்கி அழுத்தித் தேய்த்தேன். தோல் சிவந்து ஓரிடத்தில் இரத்தம் கசிந்தது. "இப்போதாவது நம்புகிறாயா அம்மா?" என்று மட்டும் கேட்டான்.

இப்போது இரண்டு அக்குள்களிலும் அதே கறுப்பு. அரிப்பு, நாற்றம், செதில் எதுவும் இல்லை. தொட்டால் கொஞ்சம் தடிப்பாக இருக்கிறது. நிறம் வெளுக்கும் என்று உறவினர் ஒருவர் தந்த களிம்பை இரண்டு வாரமாகப் பூசுகிறோம். டியூபில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை. அவன் சற்றுப் பருமன். என் அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்காது, இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

பதில் 1:

எலுமிச்சைச் சாற்றில் சமையல் சோடாவைக் குழைத்துப் பூசுங்கள். ஒரு வாரத்தில் போய்விடும்.

பதில் 2 (ஓய்வுபெற்ற மருந்தாளுநர்):

இரத்தம் கசிந்த தோலில் எலுமிச்சையா? வேண்டாம் அம்மா. அமிலமும் சோடாவும் தோலை எரிக்கும். எரிந்த இடம் ஆறும்போது இன்னும் கறுக்கும். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமே வரலாம்.

30 ஆண்டுகள் மருந்துக் கடையில் நின்றவன் நான். "தொடர்பு இருக்காது" என்று கடைசியில் போட்டீர்களே, அந்த வரிதான் உங்கள் கேள்வியிலேயே முக்கியமானது. நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் போலத்தான் இருக்கிறது. பெயர் பயமுறுத்தும். விஷயம் இதுதான்: உடல் இன்சுலினின் பேச்சைச் சரியாகக் கேட்காதபோது, கணையம் அதை மேலும் மேலும் சுரக்கிறது. இரத்தத்தில் மிஞ்சும் இன்சுலின் தோல் செல்களை வளரத் தூண்டுகிறது. கழுத்து, அக்குள், தொடை இடுக்கு போன்ற மடிப்புகளில் தோல் தடித்து, நுண்ணிய வரிகள் விழுந்து, வெல்வெட் துணி போலாகிறது. கறுப்பாகத் தெரிவதற்குப் பெரும் காரணம் அந்தத் தடிப்புதான். மேலே ஒட்டியிருப்பது எதுவும் இல்லை, தோலே அப்படி வளர்ந்திருக்கிறது. பையன் பொய் சொல்லவில்லை. நாரால் தேய்க்கத் தேய்க்கத் தோல் தன்னைக் காத்துக்கொள்ள இன்னும் தடிக்கும்.

மடிப்பில் வரும் கறுப்பெல்லாம் இதுவே என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். விளிம்பு சிவந்து, நடுப்பகுதி தெளிந்து, அரிப்பும் இருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். தடிப்பில்லாமல் பழுப்பாக, மெல்லிய செதிலோடு இருந்தால் எரித்ராஸ்மா என்ற பாக்டீரியாத் தொற்றாக இருக்கலாம். மருத்துவர் புற ஊதா விளக்கை அடித்தால் அது பவளச் சிவப்பாக ஒளிரும். அதைப் பூஞ்சை என்று நினைத்துக்கொண்டு மாதக்கணக்கில் பவுடர் வாங்கிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அக்குளில் மட்டும் என்றால் சவரக் கத்தியையும் வாசனைத் திரவியத்தையும் முதலில் சந்தேகப்படுவேன். வயதில் மூத்தவருக்கு, அதுவும் மெலிந்துகொண்டே வருபவருக்கு, இந்த வெல்வெட் கறுப்பு திடீரென்று தோன்றி உள்ளங்கை, உதடு வரை வேகமாகப் பரவினால் தாமதிக்கவே கூடாது. அரிதாக, வயிற்றுப் புற்றுநோயின் அடையாளமாக அது இருக்கலாம். உங்கள் மகனின் கதை அதுவல்ல, அதை நினைத்து இரவு விழித்திருக்காதீர்கள்.

அந்தக் களிம்பை இன்றே நிறுத்துங்கள். டியூபை எடுத்துப் படியுங்கள். பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. மடிப்புகளில் மருந்து மற்ற இடங்களைவிட அதிகம் உறிஞ்சப்படும். நாள்பட்டால் தோல் மெலிந்து, அழியாத வரிகள் விழும். டியூபைத் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி இரண்டையும் பார்க்கச் சொல்வார். இரண்டாவது, ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைக் காட்டும்: 5.7-க்குக் கீழே இயல்பு, 6.5-உம் அதற்கு மேலும் சர்க்கரை நோய், இடையில் இருந்தால் அதன் வாசல்.

அதுவரை மென்மையான சோப்பு, வெறும் கை, ஒற்றித் துடைப்பது, உரசாத உடை. புண் ஆறியபின் யூரியா கலந்த லோஷன் தோலை மிருதுவாக்கும். வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ரெட்டினாய்டு களிம்புகளும் உண்டு. மடிப்பில் எளிதில் எரிச்சல் தரும் என்பதால், மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் வாங்காதீர்கள்.

பதில் 3 (29 வயதுப் பெண்):

அக்கா, எனக்கு எட்டாம் வகுப்பில் தொடங்கியது. பள்ளி முடியும் வரை முடியைக் கட்டாமல் கழுத்தை மூடியே வைத்திருந்தேன். 22 வயதில் மாதவிடாய் தள்ளிப்போவதற்காக மருத்துவரிடம் போனபோது, அவர் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் பிடரியைப் பார்த்தார். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை. அதற்கும் வேர் அதே இன்சுலின்தான் என்றார்.

ஓர் ஆண்டில் 7 கிலோ குறைத்தேன். முதல் சில மாதங்களில் கண்ணாடியில் எந்த மாற்றமும் இல்லை. விரல்தான் முதலில் கண்டுபிடித்தது, சொரசொரப்பு போயிருந்தது. நிறம் பிறகு மெதுவாக இறங்கியது. இன்றும் ஒரு நிழல் இருக்கிறது. கழுத்தோரம் முளைத்த சின்னச் சின்ன மருக்கள் தானாகப் போகவில்லை, மருத்துவரிடம் எடுத்துக்கொண்டேன்.

மகனிடம் மன்னிப்புக் கேளுங்கள். என் அம்மா கேட்டதில்லை. இது மருத்துவக் குறிப்பு அல்ல என்று யாராவது நீக்கினால் நீக்கட்டும்.

கேள்வி கேட்டவர் (மூன்று வாரம் கழித்து):

ஐயா, டியூபில் மூன்று பெயர்கள் இருந்தன: நீங்கள் சொன்ன ஸ்டீராய்டான மொமெட்டசோன், நிறத்தை வெளுக்கும் ஹைட்ரோகுவினோன், ரெட்டினாய்டு வகையான ட்ரெட்டினோயின். தோல் மருத்துவர் அதை வாங்கித் தம் மேஜை இழுப்பறையில் போட்டுக்கொண்டார். மகனின் வெறும் வயிற்றுச் சர்க்கரை 104, ஹெச்பிஏ1சி 5.9. வாசல்தான். இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், தினம் ஒரு மணி நேரம் ஓடி ஆடட்டும், மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்க்கலாம் என்றார். கழுத்துக்கு யூரியா லோஷன் மட்டும்.

தங்கையே, கேட்டேன். "பரவாயில்லை, நாரைத் தூக்கி எறிந்துவிடு" என்றான். எறிந்துவிட்டேன்.

இன்னொன்று. மகனைப் பார்த்து முடித்ததும் மருத்துவர் என்னைத் திரும்பச் சொன்னார். கொண்டையை விலக்கினார். என் பிடரியை நான் எங்கே பார்த்தேன்? செல்பேசியில் படம் எடுத்துக் காட்டினார்: அதே பட்டை, அவனுடையதைவிட அகலமாக. எனக்கு வியாழக்கிழமை இரத்தப் பரிசோதனை. துணைக்கு வருகிறேன் என்கிறான் மகன்.