குறைந்த விலைக் கையடக்கக் கேமரா: குமரி மாவட்டத்தில் வாங்கிப் பயன்படுத்தியவர்களின் அனுபவங்கள்

நாகர்கோவில், பள்ளி ஆசிரியை:

எங்கள் பள்ளிக்குள் மாணவர்கள் கைப்பேசி கொண்டுவர அனுமதி இல்லை. இயற்கை மன்றத்துப் பிள்ளைகள் தாங்கள் பார்க்கும் செடியையும் பூச்சியையும் தாங்களே படமெடுத்துப் பதிவு செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆகவே சென்ற ஆண்டு ஜூன் மாதம் உறவினர் ஒருவரிடமிருந்து சோனி சைபர்-ஷாட் டபிள்யூ830 கேமராவை 4,500 ரூபாய்க்கு வாங்கினேன். இது 2014-ல் வெளிவந்த மாடல். 20.1 மெகாபிக்சலும் 8 மடங்கு ஆப்டிகல் ஜூமும் உண்டு. பேட்டரியோடு சேர்த்தே 122 கிராம்தான் என்பதால் ஏழாம் வகுப்புப் பிள்ளையின் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

முதலில் தேரூர் குளத்திற்குப் போனோம். கரையிலிருந்து வெகுதூரத்தில் நின்ற நாரைகளை ஜூமை முழுவதும் நீட்டி எடுத்தார்கள். மாலையில் கணினியில் திறந்து பார்த்தபோது தண்ணீரின் நடுவே வெள்ளைப் புள்ளிகள்தான் இருந்தன. எந்த நாரை என்று அடையாளம் காண வழியில்லை. பிள்ளைகளின் முகம் வாடிப்போனது எனக்கு வருத்தமாக இருந்தது. பறவைகளுக்காக மட்டும் இத்தகைய கேமராவை யாரும் வாங்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஆனால் திரும்பும் வழியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். குளத்தங்கரை எருக்கஞ்செடியில் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு ஒன்று இலையைத் தின்றுகொண்டிருந்தது. ஜூமைத் தொடாமல், ஏறத்தாழ 5 செ.மீ. தூரம் வரை கேமராவை நெருக்கி ஒரு மாணவி எடுத்த படத்தில், புழுவின் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிகள் மட்டுமல்லாமல் அதன் முதுகில் இருந்த 3 இணைக் கொம்பு போன்ற நீட்சிகளும் எண்ணக்கூடிய தெளிவோடு பதிந்திருந்தன. அந்தப் படத்தை இப்போது வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். அன்று முதல் எங்கள் மன்றம் தூரத்தை விட்டுவிட்டு அருகிலிருப்பதைப் படமெடுக்கிறது.

இதே விலை வரம்பில் வேறு கேமரா வாங்கியவர்களும், கடற்கரையிலும் மழையிலும் பயன்படுத்தியவர்களும் தங்கள் அனுபவத்தை எழுதினால் எங்களுக்கு உதவியாக இருக்கும். இரண்டாவதாக ஒரு கேமரா வாங்கும் எண்ணம் இருக்கிறது.

தக்கலை, திருமணப் படக்கலைஞர்:

டீச்சர், நாரை புள்ளியாகத் தெரிந்ததற்குப் பிள்ளைகளின் கைப்பழக்கம் காரணமில்லை. 8 மடங்கு ஜூம் என்பது பழைய ஃபிலிம் கேமராக் கணக்கில் லென்ஸின் குவியத் தொலைவு 25 மி.மீ. முதல் 200 மி.மீ. வரைதான்; இந்த எண் கூடக் கூடத்தான் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும். பௌர்ணமி நிலவை 200 மி.மீ.-ல் எடுத்தால் படத்தின் உயரத்தில் அது 14-ல் ஒரு பங்குகூட இருக்காது. சித்ரா பௌர்ணமியன்று கன்னியாகுமரியில் ஒரு பக்கம் கதிரவன் மறைவதையும் மறுபக்கம் நிலவு எழுவதையும் எடுக்க இந்தக் கேமராவோடு வருகிறவர்கள் ஏமாந்து திரும்புவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். அதோடு, ஜூமை நீட்ட நீட்ட லென்ஸ் வாய் எஃப் 3.3-லிருந்து எஃப் 6.3-க்குச் சுருங்குகிறது, உள்ளே வரும் ஒளி ஏறத்தாழ கால்பங்காகிவிடும். அப்போது கேமரா, ஒளியை உள்ளே விடும் கதவான ஷட்டரை மெதுவாக்கும், அல்லது ஐஎஸ்ஓ எனப்படும் ஒளியுணர்வைக் கூட்டும். முதலாவது படத்தைக் கலங்க வைக்கும், இரண்டாவது மணல் தூவியதுபோலப் புள்ளிகளைக் கொண்டுவரும்.

திருமண வேலைக்குப் பெரிய கேமராக்கள் வைத்திருந்தாலும், வீட்டில் பிள்ளைகளுக்காக கேனன் இக்ஸஸ் 185 ஒன்றை வாங்கியிருந்தேன். 2017-ல் வந்தது, அதுவும் 20 மெகாபிக்சல், அதுவும் 8 மடங்கு ஜூம். இரண்டிலும் ஒளியை வாங்கிப் படமாக்கும் சென்சார் 1/2.3 அங்குலம் எனப்படும் அளவுதான், அதாவது சுமார் 28 சதுர மி.மீ. பரப்பு. நான் திருமண வேலைக்கு எடுத்துச் செல்லும் கேமராவின் சென்சார் 864 சதுர மி.மீ. முப்பது மடங்கு வேறுபாட்டை மெகாபிக்சல் எண்ணிக்கை ஈடுகட்டாது. கடைக்காரர் 20 மெகாபிக்சல் என்று அழுத்திச் சொல்லும்போது வாங்குகிறவர் சென்சாரின் அளவைக் கேட்க வேண்டும்.

சென்ற டிசம்பரில் வீட்டாரோடு பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனபோது வேண்டுமென்றே இக்ஸஸை மட்டும் எடுத்துச் சென்றேன். கேமராவுக்கான கட்டணத்தைச் செலுத்தி உள்ளே நுழைந்த முதல் அரை மணி நேரம் எனக்கே சோதனையாக இருந்தது. அந்த மரவேலைப்பாடுகளும் வண்ண அபிரகத் தகடு பதித்த சன்னல்களும் வெயிலையும் தூசியையும் உள்ளே விடாமல் இருப்பதற்காகவே கட்டப்பட்டவை. கண்ணுக்குக் குளிர்ச்சி, சிறு சென்சாருக்கு இருட்டு. ஃபிளாஷ் போட்டால் கண்ணாடிபோல் மின்னும் அந்தக் கறுப்புத் தரையில் வெள்ளைத் திட்டு விழும். பிறகு ஃபிளாஷை அணைத்து, ஜூமை முழுவதும் உள்ளே இழுத்து, உடம்பைத் தூணில் சாய்த்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, 2 விநாடி டைமரை வைத்து எடுத்தேன். பட்டனை அழுத்தும் அதிர்வு அடங்கிய பிறகே ஷட்டர் திறப்பதால் படம் கலங்கவில்லை. அரசர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் அப்படி எடுத்த ஒரு படத்தை அஞ்சலட்டை அளவில் அச்சிட்டு என் ஸ்டுடியோவில் வைத்திருக்கிறேன். எந்தக் கேமரா என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

இரண்டில் எது என்று கேட்டால் டபிள்யூ830-ஐத்தான் சொல்வேன். அதில் கைநடுக்கத்தைச் சரிசெய்யும் ஆப்டிகல் வசதி இருக்கிறது. ஸ்டில் படத்துக்கு இக்ஸஸ் 185-ல் அது இல்லை. வீடியோ இரண்டிலும் 720 பி அளவுதான், அதாவது படத்தின் உயரத்தில் 720 புள்ளிகள். நிகழ்ச்சியைப் பெரிய திரையில் ஓட்ட வேண்டுமென்றால் இவை போதா.

முட்டம், விசைப்படகில் வேலை செய்பவர்:

கடற்கரையில் பயன்படுத்தியவர்கள் எழுதலாம் என்று டீச்சர் கேட்டிருப்பதால் எழுதுகிறேன். என்னிடம் இருந்த முதல் கேமரா (எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்பது இங்கே தேவையில்லை) 5 மாதத்தில் போய்விட்டது. தப்பு என்னுடையது. வலை இழுத்த கையோடு சட்டைப் பையிலிருந்து எடுப்பேன், படமெடுத்துத் திரும்பப் பையில் போடுவேன். ஒருநாள் லென்ஸ் பாதி வெளியே வந்த நிலையில் கரகரவென்று சத்தத்தோடு நின்றுவிட்டது. நாகர்கோவிலில் பழுது பார்ப்பவர் பிரித்துக் காட்டினார். லென்ஸ் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இடுக்கில் மணல் துகள்கள், உள்ளே செம்புக் கம்பிகளில் பச்சைப் பூப்பு. பழுதுபார்க்கும் செலவு கேமராவின் விலையைத் தாண்டும் என்று அவர் சொன்னதால் விட்டுவிட்டேன். அதில் என் மகளின் கைக்குழந்தைப் பருவப் படங்கள் இருந்தன. மெமரி கார்டு நல்லபடியாக இருந்ததால் படங்கள் தப்பித்தன.

இரண்டாவது கேமரா 3 ஆண்டுகளாக ஓடுகிறது. மணலில் நிற்கும்போது அதை ஆன் செய்வதே இல்லை. பாறை மேலேயோ, கலங்கரை விளக்கத்துக்குப் போகும் பாதையிலோ, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றுதான் திறப்பேன், ஏனென்றால் லென்ஸ் வெளியே நீளும் அந்த ஒரு நொடியில்தான் மணல் உள்ளே போகிறது. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த பருத்தித் துணியால் உடம்பை மட்டும் துடைத்து, உடனே காய்ந்த துணியால் மறுபடி துடைப்பேன். உப்பு ஒட்டியிருக்கும்போது வெறும் துணியால் தேய்த்தால் கீறல் விழும். பிறகு மூடி இறுகிய எவர்சில்வர் தூக்குக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் 4 போட்டு வைத்துவிடுவேன். தென்மேற்கும் வடகிழக்கும் ஆக இரண்டு பருவமழையும் நம் மாவட்டத்தில் பெய்வதால், வெளியே மேசை மேல் வைக்கும் கேமராவின் லென்ஸில் பூஞ்சை பிடிக்க அதிக நாள் ஆகாது.

மார்த்தாண்டம், தேனீ வளர்ப்பவர்:

கைப்பேசியில் நல்ல கேமரா இருக்கும்போது தனியாக ஒரு கையடக்கக் கேமரா எதற்கு என்று என்னைப் பலர் கேட்டதுண்டு. ரப்பர் மரங்கள் துளிர்க்கும் மாதங்களில் நாள் முழுவதும் பெட்டிகளுக்கு நடுவே நிற்கிறேன். கையுறை போட்டிருந்தால் கைப்பேசியின் தொடுதிரை கேட்காது. கையுறை இல்லாவிட்டால் விரலெல்லாம் தேனும் மெழுகும். என் கையடக்கக் கேமராவில் அழுத்தினால் உள்ளே போகும் உண்மையான பட்டன் இருக்கிறது. ஒரு கையில் அடைச்சட்டத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுகையால் எடுத்துவிடலாம். எந்தப் பெட்டியில் ராணி முட்டையிடுகிறது, எதில் புழுக்களுக்கு நோய் தெரிகிறது என்பதைத் தேதியோடு படமாக வைத்திருக்கிறேன். படத்தின் அழகு எனக்கு முக்கியமில்லை. தேனடையின் அறைக்குள் முட்டை தெரிந்தால் போதும், காலை வெயிலில் அது தெளிவாகவே தெரிகிறது.

ஒரு குறை. ஒருமுறை சார்ஜ் செய்தால் சுமார் 210 படங்கள் என்று விவரக் கையேட்டில் போட்டிருக்கிறார்கள்; பழைய பேட்டரியில் அதில் பாதிகூட வரவில்லை. புதிய பேட்டரி ஒன்று வாங்கி மாற்றிய பிறகுதான் நிம்மதி.

குலசேகரம், கல்லூரி மாணவர்:

டீச்சர் இரண்டாவது கேமரா வாங்குவதாக எழுதியிருப்பதால் என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். பழைய கேமராக்கள் தரும் நிறம் நண்பர்களிடையே இப்போது விருப்பமாகிவிட்டதால், வெளியூர்க் கடை ஒன்றிலிருந்து ஒன்றைப் படத்தை மட்டும் பார்த்து வாங்கினேன். திற்பரப்பு அருவியில் எடுத்த எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் சிலந்தி வலை போன்ற மங்கல் இருந்தது. லென்ஸுக்குள் பூஞ்சை. கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார். சேர்த்து வைத்திருந்த பணம் போனது.

ஆகவே நேரில் பார்த்து மட்டுமே வாங்குங்கள். ஆன் செய்து, கைப்பேசியின் டார்ச்சை லென்ஸின் மேல் சாய்வாகப் பிடித்து உள்ளே நூல் போன்ற இழைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஜூமை 10 முறையாவது நீட்டிச் சுருக்கி ஓசையைக் கேளுங்கள். வெள்ளைத் தாளைப் படமெடுத்துப் பெரிதாக்கினால் சென்சார் தூசி தெரியும். பேட்டரிப் பெட்டிக்குள் பச்சையோ வெள்ளையோ படிந்திருந்தால், முட்டம் அண்ணன் சொன்னது போன்ற கடற்கரைக் கேமரா என்று கருதி விலகிவிடலாம்.

நாகர்கோவில், பள்ளி ஆசிரியை:

எழுதிய அனைவருக்கும் எங்கள் பிள்ளைகளின் சார்பில் நன்றி. தம்பி சொன்னபடி டார்ச்சும் வெள்ளைத் தாளும் எடுத்துச் சென்று மூன்று கேமராக்களைப் பார்த்தோம். முதல் இரண்டிலும் பூஞ்சை. மூன்றாவதை, அதே டபிள்யூ830, 3,800 ரூபாய்க்கு வாங்கினோம். பழைய கேமராவுக்கு மார்த்தாண்டத்து அண்ணன் சொன்னதுபோல் புதிய பேட்டரி போட்டாயிற்று. சத்துணவுக் கூடத்து அம்மா பழைய எவர்சில்வர் தூக்கு ஒன்றைக் கொடுத்திருக்கிறார். சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் பிள்ளைகள் தங்கள் வீட்டுப் புதுச் செருப்புப் பெட்டிகளிலிருந்து கொண்டுவந்து சேர்த்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை சிதறால் மலைக்கோயிலுக்குப் போகிறோம். பாறையில் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர் உருவங்களை எந்த நேரத்து ஒளியில் எடுத்தால் செதுக்கல் ஆழமாகத் தெரியும் என்று தக்கலை அண்ணன் எழுதினால், பேருந்தை அந்த நேரத்துக்கு ஏற்பப் பேசிவிடுவேன்.

தக்கலை, திருமணப் படக்கலைஞர்:

டீச்சர், உச்சி வெயிலில் வேண்டாம். நேர் வெயிலில் இந்தச் சிறு சென்சார் வெளிச்சப் பகுதியை வெள்ளையாகவும் நிழலைக் கறுப்பாகவும் ஆக்கிவிடும். பாறையில் வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். செதுக்கலின் ஓரத்தில் மெல்லிய நிழல் விழும்போதுதான் உருவம் எழுந்து நிற்கும். படத்தின் வெளிச்ச அளவான எக்ஸ்போஷரை மெனுவில் ஒரு படி குறைத்து வையுங்கள். காலை 8 மணிக்கு நீங்கள் அடிவாரத்தில் இருந்தால் நானும் வந்துவிடுகிறேன்.