அடிபட்டது தலையில், நுரையீரல் ஏன் கெட்டது?

கேள்வி:
மாமா பைக்கிலிருந்து விழுந்து மூளையில் ரத்தக்கசிவு, ஐசியூவில் வென்டிலேட்டரில் இருக்கிறார். நெஞ்சில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. ஆனால் முதல் நாளே நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள், அது வடிந்தது, இப்போது நிமோனியா என்கிறார்கள், தொண்டையில் துளை போடவும் கையெழுத்து கேட்கிறார்கள். வென்டிலேட்டர்தான் கெடுத்துவிட்டது என்று வீட்டில் ஒரே சண்டை. உண்மையா?

பதில் 1:
ஐசியூ நர்ஸாக இருக்கிறேன். நீர் கோத்ததும் நிமோனியாவும் வேறு வேறு. மண்டைக்குள் அழுத்தம் திடீரென்று ஏறினால் உடம்பு அட்ரினலினைக் கொட்டும், ரத்தக்குழாய்கள் சுருங்கும், ரத்தம் மொத்தமாக நுரையீரல் பக்கம் தள்ளப்பட்டு நுண்குழாய்களிலிருந்து நீர் கசியும். சில நிமிடங்களிலேயேகூட வரும், பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் வடிந்துவிடும். நிமோனியா கதை வேறு. நினைவில்லாதவருக்கு இருமலும் விழுங்குவதும் சரியாக இருக்காது, அதனால் எச்சிலோ வாந்தியோ விழுந்த இடத்திலேயே மூச்சுக்குழலுக்குள் போயிருக்கலாம். வென்டிலேட்டர் மேல் பழி போடுவதில் பாதி நியாயம் உண்டு, ஏனென்றால் 48 மணி நேரத்துக்கு மேல் தொண்டை வழியாகப் போட்ட வென்டிலேட்டர் குழாய் இருந்தால் அது வழியாகவும் கிருமி இறங்கும். ஆனால் கோமா அளவு (நினைவு எவ்வளவு இருக்கிறது என்று 3 முதல் 15 வரை போடும் மதிப்பெண்) 8 அல்லது அதற்குக் கீழே என்றால் குழாய் இல்லாமல் மூச்சுப்பாதையைக் காப்பாற்றுவது கஷ்டம். தலைமாட்டை 30 டிகிரி உயர்த்தி வைக்கிறார்களா, வாயைச் சுத்தம் செய்கிறார்களா என்று கேளுங்கள், தப்பாக நினைக்க மாட்டார்கள்.

பதில் 2:
இன்னொரு சிக்கல். நுரையீரல் மோசமானால் வழக்கமாக மூச்சின் அளவைக் குறைத்து, கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் ஏறினாலும் விட்டுவிடுவார்கள். மூளை அடிபட்டவருக்கு அது ஆபத்து, ஏறினால் மூளை ரத்தக்குழாய்கள் விரிந்து அழுத்தம் கூடும். அதனால்தான் அடிக்கடி ரத்தம் எடுத்து வாயு அளவு பார்க்கிறார்கள். அப்புறம், குழாய் போட்ட 12 மணி நேரத்துக்குள் ஒரே ஒரு டோஸ் செஃப்ட்ரையாக்ஸோன் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் ஆரம்பகால நிமோனியா குறைகிறது என்று பிரான்ஸில் நடந்த ஆய்வு 2024இல் வெளியானது. உங்கள் மாமாவுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது, இப்போது சளி கல்ச்சர் (சளியில் எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) பார்த்துத்தான் மருந்து.

கேள்வி கேட்டவர்:
சரி, தொண்டைத் துளை? அப்படியே நிரந்தரமாகிவிடுமோ என்று அத்தை அழுகிறார்.

பதில் 1:
பெரும்பாலும் தற்காலிகம்தான். மயக்க மருந்தைக் குறைக்கலாம், சளி எடுப்பதும் சுலபம். நன்றாக இருமி, எச்சிலைச் சமாளிக்க ஆரம்பித்தால் எடுத்துவிடுவார்கள், துளை தானாக மூடும். ஒன்று மட்டும், விழுங்கும் சோதனை முடியும்வரை பாசத்தில் யாரும் ஒரு ஸ்பூன் தண்ணீர்கூட வாயில் ஊற்றிவிடாதீர்கள்.