முழுப் பணமும் கட்டிய பிறகு அலாஸ்கா கப்பல் கட்டணம் குறைந்துவிட்டது: வித்தியாசம் ஆன்போர்டு கிரெடிட்டாகவாவது கிடைக்குமா?

டாலஸ் திருச்சிக்காரன் (ஏப்ரல் 9, இரவு 10.40)

வணக்கம். ஜூன் 20 அன்று சியாட்டிலில் இருந்து கிளம்பும் ஏழு இரவு அலாஸ்கா பயணத்துக்குப் போன அக்டோபரிலேயே இரண்டு பால்கனி அறைகள் எடுத்துவிட்டேன். ஒன்று எனக்கும் மனைவிக்கும். மற்றொன்று திருச்சியில் இருந்து வரும் அப்பா அம்மாவுக்கு. ஒருவருக்கு 1,349 டாலர், வரிகள் தனி. இறுதித் தவணையை மார்ச் 22 அன்று கட்டி முடித்தேன்.

இன்று மாலை அதே கப்பல், அதே தேதியைப் பார்த்தால் பால்கனி அறை 1,099 டாலர் முதல் என்று போட்டிருக்கிறார்கள். நால்வருக்கும் சேர்த்தால் ஆயிரம் டாலர். வயிறு எரிகிறது.

கப்பல் நிறுவனத்துக்கு போன் செய்தேன். "இறுதித் தவணை முடிந்துவிட்டது, இனி விலை மாற்றம் கிடையாது. தவிர, நீங்கள் முகவர் மூலம் எடுத்திருக்கிறீர்கள், அவர்தான் எங்களிடம் பேச வேண்டும்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். கட்டணம் குறைந்தால் கப்பலுக்குள் செலவழிக்க ஆன்போர்டு கிரெடிட் தருவார்கள் என்று நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார். அது உண்மையா? இல்லையென்றால் ரத்து செய்துவிட்டுப் புதிதாக எடுத்துவிடலாமா?

இதில் எனக்கு ஒரு சொந்த ஆசையும் இருக்கிறது. அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வழியில் கப்பல் நிற்கும் ஸ்காக்வே ஊரில் வொயிட் பாஸ் மலை ரயில் இருக்கிறது. டிக்கெட் ஒருவருக்கு நூற்றைம்பது டாலருக்கு மேல் என்பதால் திட்டத்தில் இருந்து எடுத்துவிட்டேன். இந்தப் பணம் ஏதாவது வந்தால் அவரை அதில் ஏற்றிவிடுவேன்.

கால்வெஸ்டன் அக்கா (ஏப்ரல் 9, இரவு 11.15)

தம்பி, முதலில் ஒன்று: தயவுசெய்து ரத்து பொத்தானை அழுத்திவிடாதீர்கள்.

இன்றைக்கு உங்கள் பயணத்துக்கு 72 நாள் இருக்கிறது. ஒப்பந்தத்தில் ரத்துக் கட்டணப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ஏழு இரவுப் பயணம் என்றால் சில நிறுவனங்களில் 74 நாளில் இருந்து 61 நாள் வரை கட்டணத்தில் பாதி போய்விடும். உங்கள் கணக்கில் ஒருவருக்கு 674 டாலர் 50 சென்ட். அதைக் கொடுத்து 250 டாலரை மிச்சம் பிடிப்பதில் என்ன பயன்? இந்தக் கணக்குப் போடாமல் அவசரப்பட்ட ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும்.

அடுத்து, அந்த 1,099 உங்களுடைய அறையின் விலைதானா? "முதல்" என்று போட்டால் அது பால்கனியிலேயே ஆகக் குறைந்த வகையாக இருக்கும். பெரும்பாலும் கேரண்டி அறை, அதாவது எந்த அறை என்பதை நிறுவனமே பின்னால் முடிவு செய்யும். நீங்கள் அறை எண்ணைத் தேர்ந்தெடுத்து எடுத்திருந்தால் இரண்டையும் ஒப்பிட முடியாது. புதிதாக எடுப்பவர் போல உள்ளே போங்கள். இரண்டு பேர், உங்கள் தளம், உங்கள் வகைக் குறியீடு என்று தேர்ந்தெடுத்துப் பணம் கட்டும் பக்கம் வரை போய் நின்றுவிடுங்கள். அங்கே காட்டும் தொகைதான் உண்மை. மூத்தவர்களுக்கான விலை, ஏதோ ஒரு மாநிலத்தவருக்கு மட்டுமான விலை எதுவும் உள்ளே புகுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

வரியையும் கவனியுங்கள். 2024 ஜூலையில் கலிபோர்னியாவில் ஒரு விலைச் சட்டம் வந்த பிறகு பெரிய நிறுவனங்கள் வரியையும் துறைமுகக் கட்டணத்தையும் சேர்த்தே விலை காட்டுகின்றன. உங்கள் இன்வாய்ஸில் அவை தனித்தனியாக இருக்கும். ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

டாலஸ் திருச்சிக்காரன் (ஏப்ரல் 10, காலை 7.05)

மிக்க நன்றி அக்கா. நீங்கள் சொன்னதுபோல உள்ளே போய்ப் பார்த்தேன். 1,099 கேரண்டி அறைதான். எங்கள் வகையில், எங்கள் தளத்திலேயே, வரி நீக்கி ஒருவருக்கு 1,189 டாலர். ஆக வித்தியாசம் 160. நால்வருக்கும் 640. ரத்துப் பட்டியலும் நீங்கள் சொன்னபடியேதான் இருக்கிறது, பாதி. நல்ல வேளை, கேட்டுவிட்டுச் செய்தேன்.

எங்கள் முகவரிடம் இன்னும் பேசவில்லை. அவர் கோபித்துக்கொள்வாரோ என்று ஒரு தயக்கம்.

முன்னாள் முகவர் (ஏப்ரல் 10, காலை 9.20)

பத்து வருடம் இந்தத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். தயங்காதீர்கள், இன்றே பேசுங்கள். இந்த விலை நாளைக்கும் இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

விலை ஏன் இப்போது இறங்கியது என்பது புரிந்தால் எப்படிக் கேட்பது என்பதும் புரியும். இறுதித் தவணை நாள் நெருங்கும்போது, முன்பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் அறை பிடித்து வைத்திருந்த பலர் விலகிக்கொள்வார்கள். ஒரே வாரத்தில் நிறைய அறைகள் காலியாகும். காலி அறையோடு கிளம்பினால் அறைக் கட்டணம் மட்டுமா போகிறது? அந்த அறையில் இருப்பவர்கள் கப்பலுக்குள் செய்யும் செலவும் போகிறது. அதனால் இறுதித் தவணைக்குப் பிறகு விலையை இறக்கி நிரப்புவார்கள். உங்களைப் போல ஒழுங்காகக் கட்டியவர்கள்தான் இதில் அடிபடுகிறார்கள்.

இறுதித் தவணைக்கு முன்பு விலை இறங்கினால் பெரும்பாலான அமெரிக்க நிறுவனங்களில் கட்டணத்தையே குறைக்கச் சொல்லிப் பெறலாம். அதற்குப் பிறகு, உங்கள் கட்டண வகையில் விலைப் பாதுகாப்பு என்று எழுதியிருந்தால் ஒழிய, அவர்கள் தருவது சலுகை. உரிமை என்று சண்டை போட்டால் விதியைப் படித்துக் காட்டி முடித்துவிடுவார்கள். சலுகையாகக் கேட்டால் ஆன்போர்டு கிரெடிட்டோ, உயர்ந்த வகை அறையோ கிடைக்க வழி இருக்கிறது. பணமாக ஏன் தருவதில்லை என்றால், நூறு டாலரைத் திருப்பிக் கொடுத்தால் அவர்களுக்கு நூறு டாலர் நஷ்டம். நூறு டாலர் கிரெடிட்டாகக் கொடுத்தால் அது அவர்களுடைய உணவகத்திலும் கடையிலும்தான் செலவாகப் போகிறது, அடக்க விலை மட்டுமே அவர்கள் கையை விட்டுப் போகும். இது தெரிந்து கேட்பவருக்குத்தான் கிடைக்கும்.

முகவரின் நிலையையும் சொல்லிவிடுகிறேன். அவருக்கு அடிப்படைக் கட்டணத்தில் பத்து முதல் பதினாறு சதவீதம் வரை கமிஷன் வரும். வரியிலும் துறைமுகக் கட்டணத்திலும் வராது. கட்டணம் குறைந்தால் அவர் வருமானமும் குறையும். ஆனால் ஆன்போர்டு கிரெடிட் கேட்டுப் பெற்றுத் தந்தால் அவர் கமிஷனில் பொதுவாகக் கை வைப்பதில்லை. எனவே அவருக்கும் இது உகந்த வழிதான்.

இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். முன்பதிவு எண்கள் இரண்டும், கப்பல், தேதி, அறை வகைக் குறியீடு, நீங்கள் கட்டியது 1,349, இன்று அதே வகைக்குக் காட்டுவது 1,189, பணம் கட்டும் பக்கத்தின் படம் தேதி நேரத்தோடு. பிறகு ஒரே ஒரு வரிக் கோரிக்கை: "இறுதித் தவணை முடிந்துவிட்டது என்பது தெரியும்; வித்தியாசத்தை ஆன்போர்டு கிரெடிட்டாகத் தரவோ, கூடுதல் கட்டணம் இல்லாமல் மேல் வகை அறைக்கு மாற்றவோ இயலுமா என்று நிறுவனத்திடம் கேட்டுச் சொல்லுங்கள்." மேல் வகை அறை இன்று 1,349-க்குள் இருந்தால் அதன் படத்தையும் சேருங்கள். உங்கள் பெற்றோருக்கு லிப்டுக்குப் பக்கத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை கிடைத்தால் கிரெடிட்டை விட அதுகூட நல்லதுதான்.

ஆகஸ்ட் பயணி (ஏப்ரல் 10, பகல் 12.30)

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எங்கள் பயணம் ஆகஸ்ட் 22. இறுதித் தவணை மே 24. எங்களுக்கும் ஒருவருக்கு 60 டாலர் குறைந்திருக்கிறது. ஆனால் நாங்கள் எடுத்தது முன்பணம் திரும்பக் கிடைக்காத வகை. அறைக்கு 100 டாலர் கிரெடிட்டும் இருவருக்கு வைபையும் இலவசமாக வந்தன. நாங்கள் கேட்கலாமா?

முன்னாள் முகவர் (ஏப்ரல் 10, பகல் 1.10)

கேட்கலாம். முன்பணம் திரும்பாது என்பது நீங்கள் ரத்து செய்தால் மட்டுமே. அதே கப்பல், அதே தேதியில் விலை மாற்ற அந்த வகையிலும் பல நிறுவனங்கள் இடம் கொடுக்கின்றன. சில நிறுவனங்கள் கட்டணத்தைக் குறைக்காமல் வித்தியாசத்தைக் கிரெடிட்டாகத் தருகின்றன. ஆனால் உங்கள் விஷயத்தில் அவசரம் வேண்டாம். புதிய விலைக்கு மாறினால் பழைய சலுகை போய்விடும். மிச்சம் 120 டாலர். போவது 100 டாலர் கிரெடிட்டும் ஏழு நாள் வைபையும். நான் என்றால் மாற மாட்டேன். மே 24 வரை வாரம் ஒருமுறை பார்த்துக்கொண்டிருங்கள். கடைசியாக மே 22 அன்று கட்டாயம் ஒருமுறை பாருங்கள்.

நியூஜெர்சி வாசகர் (ஏப்ரல் 10, இரவு 8.45)

கிரெடிட் கிடைத்தால் கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன். இப்படி வருவது பெரும்பாலும் திரும்பக் கிடைக்காத வகை. கடைசி இரவோடு காலாவதி ஆகிவிடும், மிச்சம் கைக்கு வராது. சூதாட்ட அறையில் செல்லாது. கப்பல் ஊழியர்களுக்கான தினசரி டிப்ஸ் உங்கள் அறைக் கணக்கில் ஏறினால் அதுவே கிரெடிட்டைத் தின்றுவிடும். அப்பாவின் ரயிலுக்கென்று வைத்திருந்தால் டிப்ஸை இப்போதே கட்டிவிடுங்கள். ரயில் டிக்கெட்டை இப்போது இணையத்தில் வாங்குவதற்கு முன்பு கிரெடிட் அங்கே செல்லுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில நிறுவனங்களில் கப்பல் ஏறிய பிறகுதான் அதைப் பயன்படுத்த முடியும்.

இன்னொன்று, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்கள் கப்பல் கனடாவின் விக்டோரியாவில் நிற்கும். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் கிளம்பி அங்கேயே திரும்புவதானால் நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட வேண்டும் என்பது 1886-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவு. அப்பா அம்மா இந்தியக் கடவுச்சீட்டில் வருவதால் கனடா விசா வேண்டும். அது இல்லாமல் சியாட்டிலில் ஏறவே விடமாட்டார்கள்.

டாலஸ் திருச்சிக்காரன் (ஏப்ரல் 10, இரவு 9.30)

கனடா விசா பிப்ரவரியிலேயே வந்துவிட்டது அண்ணா, அக்கறைக்கு நன்றி. மின்னஞ்சலும் மதியமே அனுப்பிவிட்டேன். முகவர் கோபப்படவில்லை, படம் தெளிவாக இருக்கிறது, முயற்சி செய்கிறேன் என்றார்.

டாலஸ் திருச்சிக்காரன் (ஏப்ரல் 15, மாலை 6.20)

பதில் வந்துவிட்டது. மேல் வகை அறைகள் இரண்டு நாளில் தீர்ந்துவிட்டனவாம், அது கிடைக்கவில்லை. கட்டணக் குறைப்பும் இல்லை. நல்லெண்ண அடிப்படையில் அறைக்கு 150 டாலர் ஆன்போர்டு கிரெடிட் நிறுவனம் தந்திருக்கிறது. முகவர் தன் கமிஷனில் இருந்து அறைக்கு 50 சேர்த்தார். ஆக மொத்தம் 400. எனக்கு 640 வரவில்லைதான், ஆனால் போன் செய்தபோது கிடைத்தது சுத்தமாக ஒன்றுமில்லை. இன்று காலை மறுபடி பார்த்தேன், எங்கள் வகை 1,279-க்கு ஏறிவிட்டது. ஐந்து நாள் தள்ளிக் கேட்டிருந்தால் 1,189 என்று காட்டும் படம் என்னிடம் இருந்திருக்காது.

கால்வெஸ்டன் அக்கா (ஏப்ரல் 15, இரவு 7.00)

ரொம்ப மகிழ்ச்சி தம்பி. புதிய இன்வாய்ஸை வாங்கி, அதில் இரண்டு அறைக்கும் அந்தத் தொகை தனி வரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வாய்மொழியாகச் சொன்னதைக் கப்பலில் உள்ளவர்கள் ஏற்க மாட்டார்கள். அச்சிட்டு ஒரு பிரதியைக் கைப்பையில் வையுங்கள்.

டாலஸ் திருச்சிக்காரன் (ஜூன் 29, இரவு 9.50)

ஊர் திரும்பிவிட்டோம். அக்கா சொன்ன பிரதி கைகொடுத்தது. முதல் நாள் எங்கள் அறைக் கணக்கில் 200 டாலரும், அப்பா அறையில் 150 மட்டுமே இருந்தது. முகவரின் 50 ஏறவில்லை. வரவேற்பு மேசையில் தாளைக் காட்டினேன், பத்து நிமிடத்தில் சரி செய்தார்கள். ரயில் டிக்கெட்டுக்கு அப்பா அறையின் 200 போக மீதியை நான் கட்டினேன்.

ஸ்காக்வேயில் அன்று லேசான தூறல். ரயில் இருபது மைலில் கிட்டத்தட்ட 3,000 அடி ஏறுகிறது. அம்மா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பள்ளத்தைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். அப்பா உட்காரவே இல்லை. பெட்டியின் கடைசியில் உள்ள திறந்த மேடையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இறங்கியதும் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் குனிந்து, விரலை விரித்துச் சாண் சாணாக அளந்தார். "மூன்று அடிதான். நம் ஊட்டி ரயிலை விடக் குறுகல்" என்றார். பிறகு அங்கே நின்ற ரயில் ஊழியரிடம், தான் வேலை பார்த்த பணிமனையில்தான் ஊட்டி ரயிலுக்கு நீராவி இன்ஜின் செய்தார்கள் என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். அவர் தொப்பியைக் கழற்றி அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அந்தப் படம் இப்போது அப்பாவின் போனில் முகப்பில் இருக்கிறது.