மறு: ‘கிரியேச்சர் எஃபெக்ட்ஸ்’ – ‘விலங்கு விளைவுகள்’ வேண்டாமே

குழுவினருக்கு வணக்கம். ராமேஸ்வரம் பக்கத்திலிருக்கும் மண்டபம் ஊரிலிருந்து எழுதுகிறேன்.

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். 2011இல் வந்த ‘தி திங்’ என்ற ஹாலிவுட் திகில் படத்தைப் பற்றிய சண்டையாகத் தொடங்கியது, எப்படியோ கலைச்சொல் சண்டையாகிவிட்டது. நல்லதுதான். படங்களில் வரும் விநோத ஜந்துகளைச் செய்து காட்டும் ‘கிரியேச்சர் எஃபெக்ட்ஸ்’ வேலைக்கு ‘விலங்கு விளைவுகள்’ என்று ஒருவர் போட, நாலைந்து பேர் வரிசையாக ஆமோதித்துவிட்டார்கள். எனக்கு ஒப்பவில்லை. எங்கள் பக்கம் விலங்கு விளைவு என்றால், ராத்திரி காட்டுப்பன்றி மிளகாய்த் தோட்டத்தில் இறங்கிவிட்டுப் போனதைத்தான் நினைப்பார்கள். கணினி இல்லாமல் கேமராவுக்கு முன்னாலேயே செய்து காட்டும் ‘பிராக்டிகல் எஃபெக்ட்ஸ்’க்குப் போட்ட ‘செய்முறை விளைவுகள்’ அதைவிட மோசம். ராமநாதபுரம் சீமையில் செய்முறை என்றால் மொய். வாங்கிய செய்முறையைத் திருப்பிச் செய்யாவிட்டால் என்ன ஆகுமோ, அதற்கு வேண்டுமானால் அந்தப் பெயர் பொருந்தும்.

1982இல் ஜான் கார்ப்பென்டர் எடுத்த ‘தி திங்’கில், அண்டார்க்டிகாவில் இருக்கும் அமெரிக்க முகாமுக்கு ஒரு நாய் ஓடி வரும். பின்னாலேயே நார்வேக்காரர்கள் ஹெலிகாப்டரில் சுட்டுக்கொண்டு வருவார்கள். அது நாய் அல்ல, எந்த உயிரின் உருவத்தையும் எடுக்கும் வேற்றுக்கிரக ஜந்து. அந்த நார்வே முகாமில் அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதுதான் 2011 படம். பெயரும் அதே பெயர். பழைய படத்தில் இரண்டு முகம் ஒன்றாக உருகி ஒட்டிய ஒரு கருகிய சடலம் கிடைக்கும். அந்த முகங்கள் யாருடையவை, எப்படி ஒட்டின என்பதைப் புதிய படம் காட்டும். கதையில் முன்னது, வந்ததில் பின்னது. இதை ‘முன்கதை’ என்று பலர் எழுதுகிறீர்கள். வாரப் பத்திரிகைத் தொடர்களில் ‘முன்கதைச் சுருக்கம்’ படித்து வளர்ந்தவனுக்கு அது போன வாரம் வரை நடந்த கதை. ‘முந்துகதை’ என்று வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை. ராவணனின் பிறப்பும் வரமும் கடைசியில் வரும் உத்தர காண்டத்தில்தான் விரிகின்றன, ஆக இந்த வகைக் கதை நமக்குப் புதிதும் அல்ல. சரி, இந்தச் சொல்லில் எனக்குப் பிடிவாதம் இல்லை. பிடிவாதமெல்லாம் அடுத்த சொல்லில்தான்.

2011 படத்துக்கு ஜந்துகளைச் செய்தது அலெக் கில்லிஸ், டாம் வுட்ரஃப் இருவரின் பட்டறை. செய்தவற்றைப் படப்பிடிப்பில் ஆட்டினார்கள், கேமராவிலும் பிடித்தார்கள். ஆனால் படம் திரைக்கு வந்தபோது பெரும்பாலானவற்றின் மேல் கணினி உருவத்தைப் போட்டு மூடியிருந்தார்கள். ரசிகர்களுக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, இந்த இழையே சாட்சி. பட்டறைக்காரர்கள் தாங்கள் செய்தவற்றின் ஒத்திகைக் காட்சிகளை யூடியூபில் போட்டார்கள். கில்லிஸ் 2013இல் ரசிகர்களிடமே பணம் திரட்டி, கைவேலை ஜந்துகளை வைத்தே ‘ஹார்பிஞ்சர் டவுன்’ என்ற படத்தை எடுத்தார். 2015இல் வந்தது. இத்தனை ரகளைக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: கேமராவுக்கு முன்னால் நின்றதா, பிற்பாடு வரைந்து சேர்த்ததா? நாம் இரண்டையும் ‘கிராபிக்ஸ்’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். ரப்பர் பாம்பைக் காட்டினாலும் தியேட்டரில் ‘கிராபிக்ஸ் சூப்பர்டா’தான். ஆகவே நம் சொல் ஜந்து என்று மட்டும் சொன்னால் போதாது. கையால் தொடலாம் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

என் தொழிலைச் சொன்னால்தான் மீதி புரியும். நான் ராமநாதபுரத்தில் பல்செட் செய்பவன். பல் அளவெடுக்க அல்ஜினேட் என்ற தூளை ரப்பர் கிண்ணத்தில் தண்ணீர் விட்டுக் குழைப்போம், இட்லி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாக. வாயில் வைத்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் அவித்த முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி இறுகிவிடும். தண்ணீர் சூடாக இருந்தால் இன்னும் சீக்கிரம். சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீரை ஊற்றிக் குழைத்தால், வாய்க்குப் போகும் முன்பே கிண்ணத்தில் இறுகி, கிண்ணத்தின் உருவத்திலேயே கழன்று வரும். அந்த மாதங்களில் ஐஸ் தண்ணீர் இல்லாமல் நான் தூளைத் தொடுவதில்லை. எடுத்த அச்சை மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனாலும் போச்சு, தண்ணீர் கக்கிச் சுருங்கிவிடும். உடனே பிளாஸ்டர் மாவு ஊற்ற வேண்டும்.

ஜந்து வேடத்துக்கு நடிகரின் முகத்தை அச்செடுப்பதும் இதே வேலைதான், அளவுதான் பெரிது. முடியை ரப்பர் தொப்பியால் மூடி, மூக்குத் துளைகளை மட்டும் விட்டுவிட்டு, மெதுவாக இறுகும் வகை அல்ஜினேட்டை முகம் முழுக்க அப்பி, மேலே மாவுக்கட்டுத் துணி போடுவார்கள். கை முறிந்தால் போடும் அதே மாவுக்கட்டு. கழற்றிய அச்சுக்குள் மாவு ஊற்றினால் நடிகரின் முகம். அதன்மேல் களிமண்ணில் ஜந்துவை வனைந்து, அதற்கு மறுபடி அச்செடுத்து, நுரை ரப்பரிலோ சிலிக்கோனிலோ வார்ப்பார்கள்.

அந்தத் தூள் பழுப்புக் கடற்பாசியிலிருந்து வருகிறது. எங்கள் கரையில் கட்டைக்கோரை, பக்கோடாப் பாசி என்போமே, அந்த இனம். என் பெரியம்மா முப்பது வருடமாகப் பாசி எடுக்கிறவர். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டிக்கொண்டு தீவுகளைச் சுற்றி முங்குவார். மாதத்தில் 12 நாள்தான் பாசிக்குப் போவது என்று பெண்களே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். அப்படிப் போகாத ஒரு நாளில் அந்த யூடியூப் காட்சியைப் பெரியம்மாவிடம் காட்டினேன், ‘நீங்க எடுக்குற பாசி இதுக்கெல்லாம்தான் ஆகுது’ என்று பெருமையடிக்கத்தான். தோல் போர்த்தாத ஒரு தலை மேசைமேல் கிடந்தது. யாரோ பின்னாலிருந்து கம்பியை இழுத்ததும் வாய் இரண்டு பக்கமாகப் பிளந்தது. பெரியம்மா பாசியையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. “எந்தக் கோயிலுக்குடா இந்த உருவாரம்?” என்றார்.

எனக்குச் சட்டென்று பிடித்துவிட்டது. கால்வலி தீர்ந்தால் கால் உருவாரம், பிள்ளை பிறந்தால் பிள்ளை உருவாரம், மாட்டுக்கு நோய் தீர்ந்தால் மாட்டு உருவாரம் என்று மண்ணில் செய்து கோயிலில் வைப்பது நமக்குத் தெரியும். முழு உடம்பாக இருக்க வேண்டியதில்லை, ஒரு கை, ஒரு கண் போதும். சினிமா ஜந்துவும் அப்படித்தான், காட்சிக்குத் தேவையான துண்டை மட்டும் செய்வார்கள். 1982 படத்தில் ஒருவரின் மார்பு திடீரென்று வாயாகப் பிளந்து டாக்டரின் கைகளைக் கடித்துத் துண்டாக்கும். அந்த வேலைகளுக்குத் தலைமை தாங்கிய ராப் பாட்டினுக்கு அப்போது வயது இருபதுகளின் தொடக்கம். முன்கைகள் இரண்டையும் இழந்த ஒருவரைக் கூட்டி வந்து, டாக்டராக நடித்தவரின் முகமூடியை மாட்டி, மெழுகு எலும்பும் ரப்பர் நரம்பும் வைத்த கைகளைப் பொருத்தி அந்தக் காட்சியை எடுத்தார்கள். அதைக் கை உருவாரம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

என் முன்மொழிவு: செய்யப்பட்ட ஜந்து ‘உருவாரம்’, அந்தத் துறை ‘உருவார வேலை’. கணினியில் வரைந்தது கிராபிக்ஸாகவே இருக்கட்டும்.

—

கீழக்கரையிலிருந்து:

தம்பி, அஸ்ஸலாமு அலைக்கும். பெரியம்மாவுக்கு என் சலாம். பொருள் விளக்கம் பிரமாதம், சொல்லில்தான் கொஞ்சம் தயக்கம். நான் முதல் நாளே ‘பொய்யுரு’ என்று எழுதியிருந்தேன், யாரும் கண்டுகொள்ளவில்லை. பொய்க்கால் குதிரை இருக்கிறது, பொய்ப்பல் இருக்கிறது (உங்கள் பிழைப்பே அதுதான்). பொய்யுரு என்றால் சின்னப் பிள்ளைக்கும் புரியும். உருவாரம் என்றால் பட்டணத்துப் பிள்ளைகள் முழிப்பார்கள்.

அப்புறம், அந்த ஜந்துகளின் மேல் எப்போதும் வழிந்துகொண்டிருக்குமே, அதற்கு என்ன சொல்? நோன்பு திறக்க எங்கள் வீட்டில் கடல்பாசி காய்ச்சித் தட்டில் ஊற்றி வைப்பார்கள். போன வருடம் அது சரியாக உறையவில்லை. தட்டைச் சாய்த்ததும் ஒரு பக்கம் வழிந்தது, என் மகன் ‘வாப்பா, ஏலியன்’ என்றான். அன்றிலிருந்து யோசிக்கிறேன்.

—

பரமக்குடியிலிருந்து:

அன்புடையீர், ஓய்வு பெற்ற தமிழாசிரியன் என்ற முறையில் இரண்டு சொல்.

‘முந்துகதை’ வினைத்தொகை. இலக்கணம் சரி, ஓசையும் சரி. என் ஒப்புதல் உண்டு.

‘உருவாரம்’ நேர்த்திக்கடன் சொல். மக்கள் பக்தியோடு கொண்டுபோய் வைக்கும் பொருளின் பெயரை, ஆளைத் தின்னும் பூதத்துக்குச் சூட்டலாமா? மனம் ஒப்பவில்லை. அது போகட்டும் என்றாலும், மோட்டார் வைத்து ஆடும் உருவத்துக்கு, அதாவது ‘அனிமட்ரானிக்ஸ்’ என்று நீங்களெல்லாம் எழுதுவதற்கு, என்ன செய்வீர்கள்? ஆட்டுகிற உருவாரம் ‘ஆட்டுருவாரம்’ ஆகும். படிக்கிறவர் கிடாவை நேர்ந்துவிட்டிருப்பதாக நினைத்துக்கொள்வார்.

—

மண்டபத்திலிருந்து மீண்டும்:

ஐயா, ஆட்டுருவாரத்தைப் படித்துவிட்டுப் பட்டறையில் தனியாகச் சிரித்தேன். அதைக் கைவிடுகிறேன்.

பக்தி விஷயத்துக்கு ஒரு பதில். அய்யனார் கோயில் வாசலில் குதிரையைத் தாங்கிக்கொண்டு கோரைப்பல்லோடு நிற்பதும் பூதம்தானே? அதையும் நம் வேளார்கள்தான் அதே மண்ணில், அதே கையால் செய்கிறார்கள். பயமுறுத்துவதற்கென்றே செய்த உருவம் கோயில் வாசலில் நிற்கலாம் என்றால், அதன் பெயர் சினிமாவுக்குப் போவதில் தீட்டு ஒன்றுமில்லை என்று நினைக்கிறேன். நீங்கள் வயதில் பெரியவர், இதற்கு மேல் வாதாட மாட்டேன்.

காக்கா (கீழக்கரை அண்ணனைச் சொல்கிறேன்), வ அலைக்கும் ஸலாம். பெரியம்மாவிடம் சொல்லிவிட்டேன். ‘பொய்யுரு’ வேகமாகப் புரிகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது வழக்கையே தலைகீழாக்கிவிடுகிறது. படப்பிடிப்பில் நடிகர் கை வைத்துத் தள்ளியது நிஜமான ரப்பர். பின்னால் அதை மூடிய உருவம்தான் அங்கே இல்லாதது. இருந்ததைப் பொய் என்றும் இல்லாததைக் கிராபிக்ஸ் என்றும் எழுதினால், கில்லிஸ் தமிழ் படிப்பவராக இருந்தால் அழுதுவிடுவார். நான் வார்க்கிற பல்லைப் பொய்ப்பல் என்கிறீர்கள், சரி. அதை வைத்துத்தான் ஜனங்கள் நண்டு கடிக்கிறார்கள்.

வழிவதற்கு ‘வழும்பு’ இருக்கிறதே. மீன் கழுவும்போது கையில் ஒட்டுவதற்கு நாம் சொல்வதுதான். 1982 படத்தின் வழும்பில் மயோனைஸ், சோளக் கூழ், சூடாக்கிய பபிள் கம் எல்லாம் கலந்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுக் கடல்பாசி எவ்வளவோ தேவலை.

ஐயாவின் அனிமட்ரானிக்ஸ் கேள்விதான் உண்மையிலேயே இடிக்கிறது. ‘விசை உருவாரம்’ என்று போடலாம் என்று நினைத்தேன். ஆனால் 1982 படத்தில் நாய்க்கூண்டில் வரும் ஜந்து, ஸ்டான் வின்ஸ்டன் குழு செய்தது, கைப்பொம்மை. அடியில் ஒரு ஆள் கையை உள்ளே விட்டு ஆட்டினார். அதில் விசை எங்கே இருக்கிறது? கையால் ஆட்டுவது, கம்பியால் இழுப்பது, மோட்டாரால் ஓடுவது என்று மூன்றும் ஒரே ஜந்துவுக்குள் கலந்தும் இருக்கும். மூன்றுக்கும் பொதுவாக ஒரு சொல் எனக்குத் தட்டுப்படவில்லை. பொம்மலாட்டக்காரர்கள் யாராவது இந்தக் குழுவில் இருந்தால் சொல்லுங்கள், அவர்கள் தொழிலில் கட்டாயம் இருக்கும்.

நம் குழுவின் கலைச்சொல் அட்டவணையில் இப்போதைக்கு இப்படி ஏற்றியிருக்கிறேன்: முந்துகதை, உருவாரம், உருவார வேலை, முக அச்சு, வழும்பு. உருவாரத்துக்குப் பக்கத்தில் ‘பரமக்குடி ஐயாவுக்கு மறுப்பு உண்டு’ என்று குறித்திருக்கிறேன், ‘பொய்யுரு’வை மாற்றுச் சொல்லாகப் போட்டிருக்கிறேன். அனிமட்ரானிக்ஸ் வரி காலியாக இருக்கிறது.