ஒன்ராறியோவின் இறுகிய பனிக்கு அகலமான ஸ்கீ தேவையா? ஒரு சோடி போதுமா, பல சோடிகள் வேண்டுமா?

நீலமலைவாசி (கேள்வி)

நண்பர்களுக்கு வணக்கம். நான் ரொறன்ரோவுக்கு அருகில் வசிக்கிறேன். குளிர்காலத்தில் பெரும்பாலான வார இறுதிகளில் கொலிங்வூட்டில் உள்ள புளூ மவுண்டனுக்குச் செல்வேன். ஆண்டுக்கு ஒரு தடவை குடும்பத்துடன் மேற்கே ராக்கி மலைகளில் உள்ள பான்ஃப் பக்கம் சென்று, லேக் லூயிஸிலும் சன்ஷைனிலுமாக ஒரு வாரம் சறுக்குவது வழக்கம். என்னிடம் இப்போது இருப்பது, பூட்டுக்கு (சறுக்குக் காலணிக்கு) கீழே 72 மி.மீ. அகலம் கொண்ட ஒரேயொரு சோடி ஸ்கீதான். அதன் எஃகு விளிம்புகள் பலமுறை தீட்டப்பட்டுத் தேய்ந்துவிட்டதால், அடுத்த பருவம் தொடங்குவதற்கு முன் புதிதாக ஒன்றை வாங்கியாக வேண்டும்.

கடையில் விசாரித்தபோது, 72 மி.மீ. என்பது இக்காலத்தில் பந்தயக்காரர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும் மட்டுமே உரியது என்றும், எல்லா வகைப் பனிக்கும் பொருந்த வேண்டுமானால் 100 மி.மீ. அளவில் எடுப்பதே சரி என்றும் சொன்னார்கள். என்னுடன் வரும் நண்பர்களில் இருவர் மூன்று சோடிகள் வைத்திருக்கிறார்கள். ஒன்று இறுகிய பனிக்கு, ஒன்று பொதுப் பயன்பாட்டுக்கு, ஒன்று ஆழமான புதுப்பனிக்கு. காலையில் வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டு எதை எடுத்துப் போவது என்று அவர்கள் முடிவு செய்கிறார்கள். அத்தனைக்கும் செலவிட எனக்கு வசதியில்லை. ஆனாலும் குறுகிய ஸ்கீயையே மறுபடி வாங்கி, மேற்கு மலைகளில் கழியும் அந்த ஒரு வாரத்தை வீணாக்கவும் மனம் ஒப்பவில்லை.

என் எடை 80 கிலோ. சீரமைக்கப்பட்ட சரிவுகளில் கார்விங் முறையில் (விளிம்பைப் பனியில் பதித்து வளைந்து) நன்றாகவே திரும்புவேன். ஆழ்பனியில் இன்னும் தடுமாற்றம் உண்டு. நான் எந்த அகலத்தில் வாங்குவது நல்லது? ஒரு சோடி போதுமா? காரணத்தோடு விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மெழுகும் அரமும் (மறுமொழி)

வணக்கம். நான் கால்கரியில் ஒரு ஸ்கீ பராமரிப்புப் பட்டறையில் வேலை செய்கிறேன். உங்களைப் போன்ற பலருடைய ஸ்கீகளைத் தீட்டி மெழுகு பூசிக் கொடுப்பவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த அகலம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்த்துவிடுவது நல்லது. 1980களில் ஒரு சாதாரண ஸ்கீயின் நீளம் 200 செ.மீ.க்கு மேலாகவும், நடு அகலம் 65 மி.மீ.யை ஒட்டியும் இருக்கும். அந்தப் பத்தாண்டின் இறுதியில், ஆஸ்திரியாவின் அட்டாமிக் நிறுவனத்தில் ரூபர்ட் ஹூபர் என்பவர் பனிப்பலகை (ஸ்னோபோர்டு) ஒன்றை நெடுக்கில் இரண்டாகப் பிளந்து சோதித்துப் பார்த்ததிலிருந்து பவுடர் பிளஸ் என்ற மிக அகலமான ஸ்கீ பிறந்தது. ஹெலிகாப்டரில் உச்சிக்குச் சென்று ஆழ்பனியில் இறங்குபவர்களிடையே அது புகழ்பெற்றது. 1990களின் தொடக்கத்தில் ஸ்லோவேனியாவின் எலான் நிறுவனம் கொண்டுவந்த எஸ்சிஎக்ஸ், நடு அகலத்தைத் தொடாமல், இரு பக்கங்களும் நடுவை நோக்கி உள்வாங்கும் பக்க வளைவை ஆழமாக்கி, இறுகிய பனியில் திரும்பும் முறையையே மாற்றிவிட்டது. 2002இல் சறுக்கு வீரர் ஷேன் மெக்கான்கியின் யோசனையில் உருவான வொலாண்ட் ஸ்பாட்டுலா, 125 மி.மீ. அகலத்துடனும் இரு முனைகளும் மேல்நோக்கி வளைந்த அடிப்பகுதியுடனும் வெளிவந்தது. ஆழ்பனிக்கென்று தோன்றிய அகலத்தையும், இறுகிய பனிக்கென்று தோன்றிய பக்க வளைவையும் ஒரே ஸ்கீயில் கலப்பதுதான் அதன் பின்னர் தொழிற்சாலைகள் செய்துவரும் வேலை. 2000களின் தொடக்கத்தில் 90 மி.மீ. அகலமுள்ள சாலமன் பாக்கெட் ராக்கெட் ஆழ்பனிக்கான ஸ்கீயாக விற்கப்பட்டது என்பதை இன்றைய இளைஞர்களிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். இன்று அதே 90 மி.மீ. நடுத்தர அளவாகிவிட்டது.

அகலம் ஆழ்பனியில் உதவுவதன் காரணம் எளியது. 200 செ.மீ. நீளமும் சராசரியாக 8 செ.மீ. அகலமும் கொண்ட பழைய ஸ்கீ ஒன்றின் பரப்பு ஏறத்தாழ 1,600 சதுர செ.மீ. நுனியும் வாலும் விரிந்த, நடுவில் 106 மி.மீ. கொண்ட 180 செ.மீ. ஸ்கீயின் சராசரி அகலத்தை 12 செ.மீ. என்று கொண்டால் பரப்பு 2,160 சதுர செ.மீ. ஆகிறது. அதே எடை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதலான பரப்பில் பரவுவதால் ஸ்கீ பனிக்குள் புதையாமல் மேலே மிதக்கிறது. நுனி மேல்நோக்கி வளைந்திருந்தால் மிதப்பது இன்னும் எளிதாகும்.

ஆனால் உங்கள் உள்ளூர் மலையில் மிதப்பதற்குப் பனி ஏது? புளூ மவுண்டனின் உயரம் அடிவாரத்திலிருந்து சுமார் 220 மீட்டர்தான். அங்கே நீங்கள் சறுக்குவதில் பெரும்பகுதி, இயந்திரம் தெளித்து இரவில் உருளை ஓட்டி இறுக்கிய பனி. அந்தப் பனியில் உங்களைத் தாங்குவது அடிப்பரப்பு அல்ல, எஃகு விளிம்பு. ஸ்கீ குறுகலாக இருந்தால் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு விரைவாகச் சாய்க்கலாம். அகலம் கூடக்கூட அதற்குக் கூடுதல் நேரமும் கூடுதல் விசையும் தேவைப்படும். உலகக் கோப்பைப் பந்தயங்களில் இன்னமும் 65 மி.மீ.யை ஒட்டிய அகலத்தில் சறுக்குகிறார்கள் என்றால் அது பழமைப் பற்றினால் அல்ல.

எனவே என் கருத்து இதுதான்: ஆண்டில் அதிக நாட்கள் எந்தப் பனியில் கழிகின்றனவோ அந்தப் பனிக்கு வாங்குங்கள். உங்களுக்கு 80 முதல் 88 மி.மீ. வரை போதும். ரோசிக்னோல் எக்ஸ்பீரியன்ஸ், நோர்டிகா என்ஃபோர்சர் போன்ற வரிசைகளில் பெயரோடு சேர்ந்துவரும் எண்ணே அகலத்தைக் குறிப்பதால் தேடுவது எளிது. உள்ளே உலோகத் தகடு உள்ளதா, பூட்டுக்குக் கீழே கேம்பர் (நடுப்பகுதி மேல்நோக்கி எழும் வளைவு) உள்ளதா என்றும் கேளுங்கள். இறுகிய பனியில் இரண்டும் பிடிப்பைக் கூட்டும். 100 மி.மீ. வாங்கினால் ஒரு வாரத்தின் இன்பத்துக்காக மூன்று மாத வார இறுதிகளை விட்டுக்கொடுத்ததாகிவிடும்.

வாசாட்ச் தமிழன் (மறுமொழி)

மேலே எழுதிய நண்பரின் விளக்கம் சரியானது. ஆயினும் அகலமான ஸ்கீகளை ஒரு விற்பனைத் தந்திரம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். நான் சால்ட் லேக் சிட்டியில் இருக்கிறேன். இங்கே ஆல்ட்டா சறுக்கு மையத்தில் ஒரு பருவத்தில் சராசரியாக 12 மீட்டருக்கு மேல் பனி விழுகிறது. புயல் வந்த நாளின் முற்பகலில் மட்டுமல்ல, அதற்குப் பின்வரும் நாட்களில் பலருடைய தடங்களால் உழப்பட்டுக் குவியல் குவியலாகக் கிடக்கும் பனியிலும் அகலமான ஸ்கீ தரும் நிதானத்தைக் குறுகிய ஸ்கீ தருவதில்லை. ஆழ்பனியில் தடுமாறுகிறவர்களுக்கு அது பெரும் துணை. கால்களின் சோர்வு குறைகிறது. திரும்புவதற்குத் துணிவு வருகிறது.

நான் இரண்டு ஜோடிகள் வைத்திருக்கிறேன்: ஒன்று 84 மி.மீ., மற்றொன்று 108 மி.மீ. இரண்டாவது ஜோடி வாங்குவதென்றால் இரண்டுக்கும் இடையே குறைந்தது 20 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். 88, 94, 100 என்று மூன்று வைத்திருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அவற்றில் நடுவில் உள்ளதே எப்போதும் காரில் ஏறுகிறது. மற்ற இரண்டும் சுவரில் சாய்ந்தே கிடக்கின்றன. ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனியாக பைண்டிங் (பூட்டை ஸ்கீயுடன் பிணைக்கும் கருவி), விளிம்பு தீட்டல், மெழுகு, கோடையில் துருப்பிடிக்காமல் பாதுகாத்தல் என்று செலவும் வேலையும் பெருகுகின்றன என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

உங்கள் நிலையில் நான் இருந்தால், வீட்டுக்கு 84 மி.மீ. ஒன்றை வாங்கிக்கொண்டு, பான்ஃப் வாரத்தில் புதுப்பனி விழுந்த நாட்களுக்கு மட்டும் அங்கேயே 105 மி.மீ.யை ஒட்டிய ஸ்கீயை வாடகைக்கு எடுப்பேன். பூட்டை மட்டும் சொந்தமாகக் கொண்டுபோங்கள். பனி விழாவிட்டால் வாடகைச் செலவும் இல்லை.

ஆரே கரை (மறுமொழி)

சுவிற்சர்லாந்தின் பேர்ண் மாநிலத்திலிருந்து எழுதுகிறேன். நான் இயன்மருத்துவராகப் பணிபுரிகிறேன். ஆகவே முழங்காலைப் பற்றி யாரும் பேசாமல் விட்டதைச் சேர்க்க விரும்புகிறேன்.

இறுகிய பனியில் ஸ்கீயைச் சாய்க்கும்போது, பனி திருப்பித் தரும் விசை முழுவதும் உட்புற விளிம்பின் வழியாகவே வருகிறது. அந்த விளிம்பு பாதத்தின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அவ்வளவு நீளமான நெம்புகோல் உங்கள் காலின் மீது இயங்குகிறது என்று பொருள். 66 மி.மீ. ஸ்கீயில் அந்தத் தூரம் 33 மி.மீ.; 100 மி.மீ. ஸ்கீயில் 50 மி.மீ. அதாவது அதே விசைக்கு ஒன்றரை மடங்கு முறுக்குவிசை. பூட்டுக்குள் கணுக்கால் அசைய முடியாதபடி இறுக்கப்பட்டிருப்பதால், அந்த முறுக்குவிசையில் பெரும்பங்கை முழங்கால் ஏற்க வேண்டியிருக்கிறது. மென்மையான பனியில் விசை அடிப்பரப்பு முழுவதிலும் பரவிவிடுவதால் இந்தச் சிக்கல் எழுவதில்லை. எனவே அகலமான ஸ்கீ முழங்காலுக்குக் கேடு என்று பொதுவாகச் சொல்வது தவறு. அகலமான ஸ்கீயை நாள் முழுவதும் பாறைபோல் இறுகிய பனியில் ஓட்டுவதுதான் கவலைக்குரியது. ஏற்கெனவே முழங்காலில் வலியோ பழைய காயமோ இருப்பவர்கள், உள்ளூர் மலைக்கு 80 மி.மீ.க்குக் கீழேயே இருப்பது நல்லது என்பேன்.

இங்கே பெரும்பாலான குடும்பங்கள் சீரமைக்கப்பட்ட பாதைகளில் குறுகிய ஸ்கீகளுடனேயே மகிழ்ச்சியாகச் சறுக்குகின்றன. நாட்டின் சறுக்குப் பாதைகளில் பாதிக்கும் மேலானவற்றில் இயந்திரப் பனி தெளிக்கும் வசதி உள்ள நிலையில், அது இயல்பானதுதான்.

இன்னொன்றை மனம்விட்டுச் சொல்ல வேண்டும். அகலமான ஸ்கீ ஆழ்பனியை எளிதாக்குவதால், பாதையைக் குறிக்கும் கம்பங்களைத் தாண்டிச் செல்லும் ஆசையையும் அது எளிதாக்கிவிடுகிறது. தாவோஸில் உள்ள பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் நாள்தோறும் வெளியிடும் அறிக்கையில் ஆபத்து ஐந்து நிலைகளாகக் குறிக்கப்படுகிறது. ஐந்தாம் நிலையில் எவரும் வெளியே போவதில்லை. நடுவில் உள்ள மூன்றாம் நிலையில்தான் பனிச்சரிவு உயிரிழப்புகளில் ஏறத்தாழ பாதி நிகழ்கின்றன. மேற்கு மலைகளில் எல்லைக் கயிற்றுக்கு அப்பால் போக எண்ணினால், இரண்டாவது சோடி ஸ்கீக்கு ஒதுக்கும் பணத்தை முதலில் பனிச்சரிவு அலைபரப்பி, மண்வாரி, துழாவுகோல் ஆகியவற்றுக்கும், அவற்றைப் பயன்படுத்தும் பயிற்சிக்கும் செலவிடுங்கள். புதையுண்டவரை முதல் பத்து நிமிடங்களுக்குள் உடனிருப்பவர்கள் தோண்டி எடுப்பதே அவர் பிழைப்பதற்கான பெரிய வாய்ப்பு. ஸ்கீயின் அகலம் அங்கே எந்த உதவியும் செய்யாது.

நீலமலைவாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கயிற்றுக்கு அப்பால் போகும் எண்ணம் எனக்கு இல்லை. 84 முதல் 86 மி.மீ. வரையிலான ஒன்றை வாங்கி, மேற்கே போகும்போது தேவைப்பட்டால் வாடகைக்கு எடுப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். ஒரேயொரு ஐயம்: பழைய ஸ்கீயில் உள்ள பைண்டிங்கைக் கழற்றிப் புதியதில் பொருத்தினால் பணம் மிச்சமாகுமா? அது பத்தாண்டுகளுக்கும் மேல் பழையது. ஆனால் நன்றாகவே இயங்குகிறது.

மெழுகும் அரமும்

தயவுசெய்து வேண்டாம். முதலாவதாக, 72 மி.மீ. ஸ்கீக்கென்று வந்த பிரேக்கின் இரு கைகளும் 86 மி.மீ. ஸ்கீயின் பக்கங்களைத் தாண்டிக் கீழே இறங்காமல் போகலாம். ஸ்கீ கழன்றால் அதை நிறுத்துவது அந்தப் பிரேக் மட்டுமே. நிற்காத ஸ்கீ கீழே இருப்பவர்களை நோக்கிப் பாயும். பிரேக் ஸ்கீயைவிடச் சில மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும், 15 மி.மீ.க்கு மேல் கூடினால் சாயும்போது பனியில் உரசும்.

இரண்டாவதாக, தயாரிப்பாளர்கள் ஒவ்வோர் ஆண்டும் தாங்கள் பொறுப்பேற்கும் பைண்டிங்குகளின் பட்டியலை வெளியிடுகிறார்கள். அந்தப் பட்டியலிலிருந்து நீங்கிய பழைய மாதிரிகளைப் பொருத்தவோ, சோதித்து, கால் விடுபடும் விசையின் அளவை வைக்கவோ பெரும்பாலான பட்டறைகள் மறுத்துவிடும். கண்ணுக்கு நன்றாகத் தெரியும் பைண்டிங்கின் உள்ளே நெகிழி உறுப்புகள் முதிர்ந்து, சுருள்வில்லின் விசை மாறியிருக்கலாம். விழும்போது கால் விடுபடுமா என்பதை அந்த விசையே தீர்மானிக்கிறது.

மூன்றாவதாக, உங்கள் பூட்டின் அடிப்பகுதியைப் பாருங்கள். தட்டையான பழைய வகை ஐஎஸ்ஓ 5355 என்ற தரத்தைச் சேர்ந்தது. நடப்பதற்கு வசதியாக வளைந்த கிரிப்வாக் வகை ஐஎஸ்ஓ 23223. பழைய பைண்டிங்குகளில் பல இரண்டாவது வகையை ஏற்பதில்லை. ஸ்கீயுடன் சேர்த்தே பைண்டிங் விற்கப்படும் தொகுப்பாக வாங்கினால் விலையும் குறையும், அகலமும் பொருந்தும். வாங்கும் நாளில் பூட்டையும் கையோடு எடுத்துச் சென்று, அடிப்பகுதியின் நீளம், உங்கள் எடை, உயரம், வயது, சறுக்கும் திறன் ஆகிய ஐந்தையும் பட்டறையில் உள்ளவரிடம் உள்ளபடி சொல்லி அளவு வைக்கச் சொல்லுங்கள். இறுக்கமாக வைத்தால் நல்லது என்று எண்ணித் திறனைக் கூட்டிச் சொல்ல வேண்டாம்.