1942-இல் அருவங்காட்டில் இருந்த குடும்பங்கள் யாராவது உண்டா?

எல்லோருக்கும் வணக்கம். குன்னூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் அம்மாயிக்கு 91 வயது. அவருடைய அப்பா இங்கே பக்கத்தில் உள்ள அருவங்காடு கார்டைட் (துப்பாக்கி, பீரங்கிக்கான வெடிமருந்து) தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்.

போன மாதம் என் மகள் நகப்பூச்சை அழித்துக்கொண்டிருந்தாள். அந்த வாடை பட்டதும் அம்மாயி நிமிர்ந்து உட்கார்ந்து, "எங்கய்யா சட்டை வாசம்" என்றார். அசிட்டோன்! கார்டைட் செய்யவும் அதைத்தான் ஊற்றிப் பிசைவார்கள். 80 வருடம் கழித்தும் மறக்கவில்லை பாருங்கள்.

அப்புறம் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினத்தில் ஜப்பான் குண்டு போட்ட சேதி வந்ததும் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினார்களாம். அரிசிக்குத் தட்டுப்பாடு; பல நாள் உருளைக்கிழங்குதான் சாப்பாடு. ஐயா இரவு ஷிப்ட் முடிந்து வரும்வரை அம்மாயியின் அம்மா அடுப்பை அணைக்கவே மாட்டாராம்.

பக்கத்து வீட்டுக்கு, பர்மாவிலிருந்து நடந்தே தப்பி வந்த ஒரு குடும்பம் வந்து சேர்ந்ததாம். அந்த வீட்டுப் பெண்ணும் அம்மாயியும் ஒரே கம்பளியில் தூங்கியவர்கள். அவரைத்தான் தினமும் கேட்கிறார்.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு கதை இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். அந்தக் காலத்துக் குடியிருப்புப் படம், ரேஷன் அட்டை, கடிதம் எதுவானாலும் போனில் படம் பிடித்து அனுப்புங்கள். அம்மாயிக்குக் கண் இன்னும் நன்றாகத் தெரிகிறது.